எத்தனை விரல் தெரியுது?

“எத்தனை விரல் தெரியுது மேடம்?”

குரல் விமானத்தின் மூக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கேட்டவர் எனக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த அருண் சார். என்ஜினை அணைத்துவிட்டு, என்னை இருக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவர் மட்டும் இறங்கி முன்னால் நடந்து போயிருந்தார். ஆறடி மனிதர். நாலு எட்டு வைக்கிறவரை அவருடைய தலை தெரிந்தது. பிறகு அதுவும் காணோம்.

பங்குனி வெயில். கண்ணாடிக்குள் பெட்ரோல் வாடையும் சூடேறிய ரெக்சின் வாடையும் கலந்து தலையைச் சுற்றியது. கழுத்தை நீட்டிப் பார்த்தேன். எக்கிப் பார்த்தேன். சீட் பெல்ட் பிடித்து உட்கார வைத்தது. எனக்கு முன்னால் இருந்ததெல்லாம் வெள்ளை பெயின்ட் அடித்த என்ஜின் மூடியும் அதற்கு மேலே வானமும்தான்.

நியாயமாக “தெரியலை சார்” என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வாய் பழக்கப்பட்ட வாய்.

“மூணு!” என்று கத்தினேன்.

 கொஞ்ச நேரத்தில் கதவருகே வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“நான் விரலே காட்டலை மேடம். கீழ உக்காந்து ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன்.”

நாலடி பத்து

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக ஒரு வரி. நான் சாந்தி. அரிமளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, எங்கள் மாவட்டத்து எல்லையில் தைலமரக் காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய ஓடுதளத்தில் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எதற்கு, எந்தக் கிறுக்கில் என்பதையெல்லாம் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். திரும்பவும் எழுதினால் என் வீட்டுக்காரரே போன் போட்டு நிறுத்தச் சொல்வார்.

போன வாரம் கட்டுரையைப் படித்த திருமயத்து வாசகி ஒருவர், “உங்கள் உயரத்தை மட்டும் நீங்கள் எங்குமே சொல்லவில்லையே?” என்று கேட்டு எழுதியிருந்தார். கெட்டிக்காரி. நாலடி பத்து. செருப்போடு சேர்த்து நாலடி பதினொன்று. படிவங்களில் ஐந்தடி.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘உழக்கு’ என்று பெயர். காலை வணக்கத்தில் வரிசையின் முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்பிலும் முதல் ஆள், பன்னிரண்டாம் வகுப்பிலும் முதல் ஆள். டவுன் பஸ்ஸில் மேலே ஓடும் கம்பி எனக்காகப் போட்டதில்லை என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டேன். நான் கம்பியைப் பிடித்ததில்லை, பக்கத்தில் நிற்கிற பெண்களைப் பிடித்துக்கொள்வேன். அப்படிப் பிடித்துப் பிடித்தே எனக்குச் சிநேகிதிகள் அதிகம்.

அருண் சாருக்கு அப்போது இருபத்தேழு வயது. என் அண்ணன் மகனுக்குச் சமவயது. ஆனாலும் ஓடுதளத்துக்குள் போய்விட்டால் அவர் சார், நான் மேடம். திருச்சிப் பிள்ளை. நல்ல மாதிரி. ஒன்றே ஒன்றுதான், அவருடைய நெற்றியில் எப்போதும் ஒரு கீறல் இருக்கும்.

எங்கள் விமானத்துக்கு இறக்கை மேலே. அவசரமாக அதற்கடியில் நடக்கிற உயரமான ஆட்கள் அதன் பின்விளிம்பில் நெற்றியைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நான் தலைகுனியாமல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்வருவேன். பள்ளிக்கூடத்தில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனபோது, குகைக்கோயிலின் உள்வாசலில் எங்கள் கணக்கு வாத்தியார் குனிய மறந்து இடித்துக்கொண்டார். எல்லோரும் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து உள்ளே போய் விதானத்துத் தாமரைகளை முதலில் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு சந்தோஷம் இறக்கைக்கு அடியில்தான் கிடைத்தது.

மற்றபடி எல்லாமே ஏணிதான். இறக்கைக்கு மேலே இருக்கும் மூடியைத் திறந்து எரிபொருள் எவ்வளவு இருக்கிறதென்று குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் இறக்கையைத் தாங்கும் கம்பியில் ஒரு காலை வைத்து ஏறிப் பார்த்துவிடுவார்கள். எனக்கு ஏணி. அதைத் தூக்கிக்கொண்டு வருவேன், ஏறுவேன், இறங்குவேன், மறுபக்கத்து இறக்கைக்கும் தூக்கிக்கொண்டு போவேன். நான் தயாராவதற்குள் மற்றவர்கள் ஒரு டீ குடித்து முடித்திருப்பார்கள்.

பத்து ரவுண்டு

இப்போது அந்தப் பங்குனி மாதத்துச் சிக்கலுக்கு வருகிறேன்.

விமானத்தை மேலே ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. இறக்குவதுதான் வித்தை. தரைக்கு ஓராள் உயரத்தில் வரும்போது மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். சீக்கிரம் தூக்கினால் அந்தரத்தில் மிதந்து பொத்தென்று விழும். தாமதமானால் முன்சக்கரம் போய்த் தரையில் இடிக்கும். அந்த நொடி எது என்று எந்தக் கருவியும் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும்.

மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிவந்து இறங்கினால் அது ஒரு ரவுண்டு. என் இறக்கங்கள் விசித்திரமாக இருந்தன. ஒவ்வொரு நாளும் முதல் ரவுண்டில் பூப்போல இறங்குவேன். இரண்டாவது, பரவாயில்லை. மூன்றாவது ரவுண்டில் இடுப்பெலும்பு கழுத்துக்கு வந்துவிடும். மறுநாள் காலையில் மறுபடி பூ. அருண் சார் குறிப்பேட்டில் ‘சீராக இல்லை’ என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்தார்.

விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளரை எல்லோரும் ‘பெரிய சார்’ என்போம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

“இன்னும் பத்து ரவுண்டு போங்கம்மா. அதுக்குள்ள ஒங்களைத் தனியா அனுப்பற அளவுக்கு வந்துட்டா சந்தோசம். இல்லைன்னா உயரம் ஒத்துவரலைன்னு எழுதி முடிச்சுக்குவோம். தப்பா நினைக்காதீங்க, ஒங்க உசுருக்காகத்தான் சொல்றேன்.”

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு அரிமளம் வருகிற வழியெல்லாம் அழுதேன். கை சரியில்லை என்று எழுதினால் தாங்குவேன். மூளை போதாது என்று எழுதினாலும் தாங்குவேன். நாற்பது வருஷமாகப் பஸ் கம்பியும் மருந்துக்கடை மேல்தட்டும் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தையை, முத்திரை குத்தி ஒரு தாளில் வாங்க எனக்கு மனசில்லை.

அந்தப் பத்தில் ஆறு முடிந்திருந்தது. ஆறாவது மகா மோசம். அதற்குப் பிறகுதான் அருண் சார் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நடந்து போனதும், நான் இல்லாத விரல்களை எண்ணியதும்.

தெரியுது, தெரியுது

குட்டையான ஆட்களிடம் ஒரு பொய் உண்டு. “தெரியுதா?” என்று யார் கேட்டாலும் “தெரியுது” என்போம்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது தேர் பார்க்கப் போனோம். எனக்கு முன்னால் முழுக்க முதுகுகள். வியர்வையில் நனைந்த சட்டைகள், ஒரு பச்சைச் சேலையின் முந்தானை, அதில் முடிந்த சாவிக்கொத்து. அவ்வளவுதான் நான் பார்த்த தேர். “சாமி தெரியுதாடி?” என்று அம்மா கேட்டாள். “தெரியுது” என்றேன். தெரியவில்லை என்று சொன்னால் யாராவது தூக்குவார்கள், தூக்கினால் எல்லோரும் பார்ப்பார்கள், பார்த்தால் சிரிப்பார்கள். அதுக்கு இந்தப் பொய் எவ்வளவோ மேல்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அம்மாவும் என் உயரம்தான். அவளுக்கும் அன்றைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் தேரின் அழகைப் பற்றி அப்பாவிடம் மாற்றி மாற்றிச் சொன்னோம்.

விமானத்திலும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். “ஓடுதளத்துக் கடைசி தெரியுதா மேடம்?” “தெரியுது சார்.” முதல் ரவுண்டில் அது உண்மை. மூன்றாவது ரவுண்டில் பொய்.

அருண் சார் கதவைத் திறந்து, “கொஞ்சம் எறங்குங்க” என்றார். இறங்கினேன். நான் உட்கார்ந்திருந்த மெத்தையை எடுத்து இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். அது அப்பளம் மாதிரி அமுங்கிக் கிடந்தது.

“காலையில நீங்க கொண்டாந்தப்ப இது இவ்வளவு உயரம் இருந்துச்சே?”

“அம்மா தச்சது சார். இலவம்பஞ்சு.”

அதைச் சொல்லும்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

நான் பறக்கப் போகிறேன் என்றதும் அம்மா முதலில் ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் மெத்தை தைத்தாள். நல்ல இலவம்பஞ்சாகப் பார்த்து வாங்கி, கொட்டை பொறுக்கி, தானே திணித்து, பூப்போட்ட உறை போட்டாள். தினமும் அதைக் கட்டைப்பையில் வைத்து ஸ்கூட்டியில் கொண்டுபோவேன். மதியம் திரும்பியதும் அம்மா அதை வாங்கி மாடிக்குக் கொண்டுபோய், தட்டி, புரட்டிப் புரட்டி வெயிலில் போடுவாள். எங்கள் பக்கத்துச் சித்திரை, பங்குனி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? சாயங்காலம் அது இட்லி மாதிரி உப்பியிருக்கும். மறுநாள் காலையில் அதில் ஏறி உட்கார்ந்தால் நான் ராணி. ஒரு ரவுண்டில் கொஞ்சம் அமுங்கும், இரண்டாவதில் இன்னும் கொஞ்சம். மூன்றாவதில் என் கண் மூன்று விரற்கடை கீழே போயிருக்கும்.

“அப்போ ஏழு மணிக்கு நீங்க ஒரு உயரம், ஒம்பது மணிக்கு வேற உயரம்” என்றார் அருண் சார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் இறக்கையில் போய் நெற்றியை இடித்துக்கொண்டார்.

சிரித்து முடித்துவிட்டு ஒன்று சொன்னார். “மெத்தை தப்பு இல்லை மேடம். தெரியலைன்னு நீங்க ஒரு வாட்டி சொல்லியிருந்தா முதல் வாரமே கண்டுபிடிச்சிருப்போம்.” எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மைதீன் அண்ணனின் கேள்வி

புதுக்கோட்டையில் பஸ்களுக்கு சீட்டு தைக்கிற குஷன் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் மைதீன் அண்ணன். எத்தனையோ தனியார் பஸ் டிரைவர்களின் இருக்கை அவர் கைபட்டதுதான். அருண் சார் விமானத்துக்குள் நாடா பிடித்து அளந்து எழுதிக்கொடுத்த தாளோடு போய் நின்றேன்.

கட்டைப்பையிலிருந்து அம்மாவின் மெத்தையை எடுத்துக் காட்டியதும் அண்ணன் அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

“தூங்கறதுக்கு இது நல்லாருக்கும் தங்கச்சி. வண்டி ஓட்டத் தூங்கற மெத்தை எதுக்கு? ஒக்காந்தா ஒக்காந்த எடத்துல நிக்கணும்ல?”

கடைக்குள் கிடந்த ஒரு டிரைவர் சீட்டில் என்னை உட்கார வைத்தார். தாளில் இருந்த உயரத்துக்கு முன்னால் ஒரு பலகையைக் கட்டினார். அதுதான் விமானத்தின் மூக்கு. பிறகு ரப்பர் பால் விட்டு அழுத்திய தேங்காய்நார்ப் பலகைகளை ஒவ்வொன்றாக எனக்கடியில் வைக்கத் தொடங்கினார். ஒன்று வைத்தார். இரண்டு வைத்தார்.

“தெரியுதுண்ணே, போதும்” என்றேன்.

அவர் கண்டுகொள்ளவே இல்லை. “என்ன தெரியுது?”

“எதுக்க ரோடு.”

“ரோட்டுல என்ன தெரியுது?”

 ரோட்டுக்கு மேலே ஓடுகிற கரண்டுக் கம்பிதான் தெரிந்தது.

“டிரைவருங்கள்ட்ட தெரியுதான்னு கேக்கவே கூடாது தங்கச்சி. அம்புட்டுப் பேரும் தெரியுதும்பான். என்ன தெரியுதுன்னு கேக்கணும். அப்பத்தான் உண்மை வரும்” என்றபடி மூன்றாவது பலகையை வைத்தார்.

“இப்ப?”

“டீக்கடை. வாசல்ல ஒரு சைக்கிள். சைக்கிளுக்குக் கீழ ஒரு நாய் படுத்திருக்கு.”

“என்ன நெறம்?”

“செவலை.”

“அம்புட்டுத்தான் ஒங்க உயரம்” என்று சாக்பீஸால் கோடு போட்டார். முதுகுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தார், கால் மிதிகட்டையை அழுத்தும்போது உடம்பு பின்னால் போகாமல் இருக்க. இரண்டுக்கும் கறுப்பு ரெக்சின். ஏறி உட்கார்ந்தால் கல் மாதிரி. இன்றுவரை ஒரு நூல் அமுங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வதுதான் அந்த வாரத்திலேயே கடினமான காரியம். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் விரல் எண்ணிய வெட்கம் இன்னும் ஆறவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கறுப்பு மெத்தையைப் பார்த்தாள், பூப்போட்டதைப் பார்த்தாள்.

“அப்ப நான் காயப்போட்டு காயப்போட்டுத்தான் ஒன்னைய கெடுத்திருக்கேன்.”

“அப்படி இல்லம்மா.”

“இல்லாம என்ன?” என்று சொல்லிவிட்டுப் பூப்போட்டதை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் மாடிக்கே போகவில்லை. 

மூன்று மயில்கள்

மிச்சமிருந்த நாலு ரவுண்டில் மூன்று முடிந்தது. மூன்றும் ஒரே மாதிரி இறங்கின. பூ என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரே மாதிரி. பத்தாவது ரவுண்டுக்கு முன்னால் அருண் சார் தன் சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

“ஒரே ஒரு ரவுண்டு மேடம். போயிட்டு வாங்க” என்று இறங்கி, காலியான இருக்கையின் பெல்ட்டை மாட்டி, கதவைச் சாத்திவிட்டார். பெரிய சார் தூரத்தில் கொட்டகை வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவருடைய கண்ணாடியும் தெரிந்தது.

அருண் சாரின் கனம் இல்லாததால் விமானம் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாக எழும்பியது. கீழே தைலமரங்கள், அப்புறம் செம்மண், அப்புறம் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் மினுங்குகிற கண்மாய். அந்தக் கண்மாய்க்கு மேல்தான் எப்போதும் திரும்புவேன். திரும்பும்போது வலப்பக்கம் பார்த்தேன். இருக்கை காலி. பயம் வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எனக்கு வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, வாய்விட்டுச் சிரிக்கிற அளவுக்குச் சந்தோஷம். தனியாக இருந்ததால் சிரித்தும் வைத்தேன்.

ஓடுதளத்துக்கு நேராக வந்து இறங்கத் தொடங்கினேன். எல்லாம் சரியாக இருந்தது. பாதிக்குக் கீழே வந்திருப்பேன். அப்போது ஓடுதளத்தின் நடுவில் புள்ளியாக ஏதோ அசைந்தது.

ஒரு நொடிதான். விசையை முழுக்கத் தள்ளி, மூக்கைத் தூக்கி, இறங்காமல் மேலே போய்விட்டேன்.

கீழேயிருந்து அருண் சார் ரேடியோவில் கூப்பிட்டார். “என்னாச்சு மேடம்? ஏன் மேல போறீங்க?”

“மயில் சார். ஓடுதளத்துல.”

 பிறகு மிகவும் நிதானமாக வந்தது கேள்வி.

“எத்தனை மேடம்?”

“மூணு சார். ஒரு ஆண், ரெண்டு பெட்டை.”

ஓடுதளத்து ஜீப் போய் மயில்களை விரட்டியது. நான் மறுபடி கண்மாயைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்பது எனக்கு நினைவில்லை. சக்கரம் தரையைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை என்று பெரிய சார் மற்றவர்களிடம் சொன்னாராம். என்னிடம் அவர் சொன்னது வேறு.

“ஜீப்ல போனவங்க எண்ணிட்டாங்கம்மா. மூணுதான்.”

வலப்பக்கத்து இருக்கை

உரிமம் கைக்கு வர அதற்குப் பிறகும் நெடுநாள் ஆனது. வந்த பிறகு நான் ஏற்றிக்கொண்ட முதல் ஆள் அம்மா. “நான் எதுக்குடி? கீழ நின்னு பாத்துக்கறேன்” என்றெல்லாம் சொன்னவள், கிளம்புகிற அன்று எனக்கு முன்னால் எழுந்து பட்டுச்சேலை கட்டி வாசலில் நின்றாள்.

வலப்பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் போட்டேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

“தெரியுதாம்மா?”

“தெரியுது, தெரியுது.”

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷம் நான் பேசிய குரல் அது.

“என்ன தெரியுது?”

 அம்மா கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே, “வானம்” என்றாள்.

என் இருக்கைக்குப் பின்னால் கட்டைப்பை இருந்தது. அதிலிருந்து பூப்போட்ட மெத்தையை எடுத்தேன். முந்தின நாள் முழுக்க அவளுக்குத் தெரியாமல் கடையின் மாடியில் புரட்டிப் புரட்டிக் காயவைத்திருந்தேன். இட்லி மாதிரி உப்பியிருந்தது. அம்மாவைக் கொஞ்சம் எழும்பச் சொல்லி அடியில் வைத்து, பெல்ட்டைத் திரும்ப இறுக்கினேன். அவள் உறையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

திருமயத்துக் கோட்டையைத் தாண்டி அரிமளத்துக்கு மேலே வந்தோம். எங்கள் தெருவைக் கண்டுபிடித்து, அவள் பக்கம் இறக்கையைச் சாய்த்தேன். அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள்.

“இப்ப என்னம்மா தெரியுது?”

“நம்ம மாடி.”

“மாடியில?”

“கொடியில என் பச்சைச் சேலை கெடக்கு. அங்கிட்டு வடகம் காயுது. ரெண்டு காக்கா ஒக்காந்திருக்கு” என்றாள். பிறகு கண்ணாடியை உள்ளங்கையால் தட்டி, அவ்வளவு உயரத்திலிருந்து, “ஏய், ச்சூ!” என்று விரட்டினாள்.